கோமதியின் முதல் எழுத்து ‘கோ’தான்

சிறு பதிப்பகம் ஒன்றுக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கும் தம்பி ஒருவர், கே.கே. நகர் சிவன் பூங்கா அருகே டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனை நீட்டிக் காட்டினார். பதிவு செய்த வாசகர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வண்ண வட்டம், வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து. கோமதிக்கு ‘க’, மீனாவுக்கு ‘ம’, சுந்தருக்கு ‘ச’ என்று விழுந்திருந்தது.

“எல்லாமே யூனிகோடுதான் அக்கா. அப்புறம் ஏன் இப்படி வருது?”

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால், தமிழில் இணையதளம் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும். யூனிகோடு வந்தபிறகு தரவுத்தளம் தமிழைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. ஆனால் தமிழ் எழுத்தை எண்ணவும் ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் அதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்து, குறியீடு, பைட்

யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய முதன்மைத் தொகுதியில் 128 இடங்கள்தான் உண்டு. நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிரெழுத்துகள், அகரம் ஏறிய மெய்கள், ஆய்தம், கொம்பு, கால் போன்ற உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு இடம் தந்திருக்கிறார்கள். மற்ற எழுத்துகள் இவை சேர்ந்து உருவாகின்றன. ‘கோ’ என்பது ‘க’ ஒரு குறியீடு, ஓகாரக் குறி இன்னொரு குறியீடு. நிரலில் ‘முதல் எழுத்தைக் கொடு’ என்று கேட்டால், கணினி முதல் குறியீட்டைக் கொடுக்கிறது. அதனால்தான் கோமதி ‘க’ ஆகிவிட்டார்.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 15 பைட். மைஎஸ்கியூஎல்லில் ‘லெங்த்’ கேட்டால் 15 வரும், ‘கேர் லெங்த்’ கேட்டால் 5 வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘லெங்த்’ 5, ‘ஆக்டெட் லெங்த்’ 15. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் சாதாரணமாக நீளம் கேட்டால் 5. ஒரே பெயருள்ள செயற்கூறு ஓரிடத்தில் பைட்டையும் இன்னோரிடத்தில் குறியீட்டையும் எண்ணுகிறது. நமக்கு வேண்டிய 3 இவை எதிலும் தானாக வராது.

அந்த மூன்றைப் பெற வழி இருக்கிறது. பிஎச்பியில் ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் செயற்கூறுகள், ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல் செக்மென்டர்’, பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் ‘கெட் லெட்டர்ஸ்’ ஆகியவை தமிழ் எழுத்தை எழுத்தாகவே பிரித்துக் கொடுக்கும். தம்பியின் நிரலில் ஒரே வரியை மாற்றியதும் வட்டத்துக்குள் ‘கோ’ வந்து உட்கார்ந்தது.

இதே அறிவு வேறு மூன்று இடங்களில் கைகொடுக்கும். முதலாவது, அட்டவணையில் நெடுவரிசையின் அளவு. ‘சுப்பிரமணியன்’ எட்டு எழுத்து, குறியீடு 13, பைட் 39. ஆங்கிலப் பெயருக்குப் போதுமென்று 20 வைத்த இடத்தில் தந்தை பெயரும் சேர்ந்தால் இடம் போதாது. இரண்டாவது, முகப்பில் நூல் அறிமுகத்தின் முதல் சில சொற்களை மட்டும் காட்டுவது. குறியீட்டை எண்ணி வெட்டினால் ‘மரம்’ புள்ளியை இழந்து ‘மரம’ என்று நிற்கும். பைட்டை எண்ணி வெட்டினால் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி தோன்றும். மூன்றாவது, குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70 குறியீடுதான். 70 தமிழ் எழுத்தே கிடைக்காது. ‘உங்கள் புத்தகம் அனுப்பப்பட்டது’ என்று சுருக்கமாக அனுப்பினால் ஒரே செய்தியின் செலவோடு முடியும்.

கேள்விக்குறிகளும் கிறுக்கல்களும்

மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்பு எழுத்துமுறை லத்தீன்1; வரிசை முறையும் சுவீடிஷ். வாடகைச் சர்வரில் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் தளங்களில் இன்னும் அந்த அமைப்பு இருக்கலாம். அங்கே தமிழைப் போட்டால் இரண்டு விதமாகக் கெடும். எந்த விதம் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்வது முக்கியம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்து, தரவுத்தளத்துக்குள்ளேயே அவைதான் இருந்தால், எழுத்து போய்விட்டது. லத்தீன்1 தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறியீட்டையும் கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிட்டது. பழைய காப்புப்பிரதியைத் தேட வேண்டியதுதான். மாறாக, தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கவலை வேண்டாம். முதன்மைத் தொகுதியின் தமிழ்க் குறியீடுகள் எல்லாமே யூடிஎஃப்-8 முறையில் ஒரே பைட்டில் தொடங்குபவை. அந்தப் பைட்டை லத்தீன்1 என்று நினைத்து வாசித்தால் சாய்கோட்டு ‘ஏ’ தெரியும். தமிழ்க் கடிதத்தை வேற்றுமொழிக்காரர் தன் மொழி ஒலியில் வாசிப்பதைப் போன்றது இது, கடிதம் கெடவில்லை. முழுப் பிரதி எடுத்துவைத்துவிட்டு, அந்தப் பிரதியில் சரிசெய்து பார்த்து, பிறகே உண்மைத் தளத்தில் கைவைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் ‘யூடிஎஃப்8’ என்று அதில் பெயர்பெற்றிருந்தது 3 பைட் வரைதான் தாங்கும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். வாசகர் கருத்தோடு ஒரு இமோஜி போட்டால் போதாது. தமிழுக்கே போதாத இடமும் உண்டு. முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னங்களின் குறிகளும் அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோடு 12 பதிப்பில் சேர்ந்தன. அவை 4 பைட் பிடிப்பவை. பழங்கணக்கு நூலை மின்பதிப்பாக ஏற்ற நினைப்பவருக்கு இது வேண்டும். அட்டவணை, இணைப்பு, வலைப்பக்கம் மூன்றிலும் ஒரே எழுத்துமுறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நடுவிலுள்ள இணைப்பில்தான் பிசகும்.

பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு

அடுத்து தம்பி கேட்டது தேடலைப் பற்றி. “பட்டியல்ல கண்ணுக்கு முன்னாடி இருக்கு. தேடுனா இல்லைங்குது.”

‘கோ’வை இரண்டு விதமாக எழுத முடியும். ‘க’வோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒன்று. ‘க’வோடு இரட்டைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியீடுகளைச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றுபோலத் தெரியும். பைட்டை ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு இவை வேறு வேறு சொற்கள். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் அந்த விதியின்படி சீராக்கும் வேலை நம்முடையது. இதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். ‘என்எஃப்சி’ வடிவைத் தேர்ந்தால் கொம்பும் காலும் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடாகச் சேர்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி எல்லாவற்றிலும் இதற்குச் செயற்கூறு உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே எழுதும்போது ஒருமுறை, தேடுசொல்லை வாங்கும்போது ஒருமுறை சீராக்குங்கள்.

இதைத் தாண்டியும் ஒரு சிக்கல் உண்டு. அது தமிழுக்கே உரியது. ஔவையாரை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பவர்கள் ஏராளம். கௌரியைக் ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று எழுதியிருப்பார்கள். தட்டச்சுப்பொறியிலும் பழைய எழுத்துருக்களிலும் ஔகாரத்தின் பின்பாதிக்கு ‘ள’வையே பயன்படுத்திப் பழகியதன் தொடர்ச்சி இது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. யூனிகோடு சீராக்கமும் இதைத் திருத்தாது, ஏனென்றால் ‘ள’ முறையான வேறொரு எழுத்து. அப்படியானால் ‘ஒற்றைக் கொம்பும் ளகரமும்’ வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமா? மாற்றினால் கெளுத்தி மீனும் தெளிவும் வெளியும் சிதைந்துவிடும். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்றுவது ஓரளவு பாதுகாப்பான விதி. ‘கெளரி’ மாறும், ‘கெளுத்தி’ தப்பிக்கும். அப்போதும் மாற்றப்போகும் பட்டியலை முதலில் அச்சிட்டு, தமிழ் தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்துவிட வேண்டும். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இதே கவனம் தேவை. அதை இரண்டு வெவ்வேறு சகர மெய்களைக் கொண்டு எழுத முடியும். சீராக்கம் இரண்டையும் ஒன்றாக்காது.

பதிப்பகங்களில் இன்னொரு சுமையும் உண்டு. யூனிகோடுக்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் குவிந்து கிடக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. இன்று நாம் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியேற்றங்களும் அதன் விளைவு. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 முறையையும் ஏற்று ஆணையிட்டது. பழைய கோப்புகளை மாற்ற நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் கன்வெர்ட்டர் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஓப்பன்-தமிழிலும் மாற்றி உண்டு. எந்தக் கருவியில் மாற்றினாலும் அடுத்த படியாக என்எஃப்சி சீராக்கம், அதன்பின் ஔகாரச் சோதனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அகரவரிசை

ஆசிரியர் பட்டியலை வரிசைப்படுத்தினால் கபிலனுக்கு முன்னால் கனகா வருகிறார், அம்பிகாவுக்கு முன்னால் அமுதா வருகிறார். பள்ளியில் படித்த வரிசை க, ங, ச, ஞ என்று தொடங்கி ழ, ள, ற, ன என்று முடியும். யூனிகோடு தொகுதியில் இடம் ஒதுக்கும்போது பிற இந்திய மொழிகளோடு ஒத்துப்போகும்படி ‘ந’வை அடுத்து ‘ன’, ‘ர’வை அடுத்து ‘ற’ என்று வைத்தார்கள். புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. நம் அகராதியில் ‘ம்’ முதலில், ‘ம’, ‘மா’ பிறகு. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளத்தில் இது தலைகீழாகிறது. மலர், மழை, மறை என்ற நம் வரிசை மறை, மலர், மழை என்று மாறிவிடும்.

இதற்கான மருந்துக்குப் பெயர் கொலேஷன். ஐசியு என்ற நிரலகத்தில் தமிழுக்கான அகரவரிசை விதி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இந்த நிரலகத்தைப் பயன்படுத்தும் வசதி தருகிறது. ‘ஆர்டர் பை’ வரியில் ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ என்ற கொலேஷனைக் குறிப்பிட்டால் போதும். அந்த வரிசையில் இண்டெக்ஸும் போட்டுக்கொள்ளலாம். ஐசியு பதிப்பு மாறும்போது மட்டும் இண்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் தமிழுக்கென்று கொலேஷன் இல்லை. அங்கே பைத்தானிலோ பிஎச்பியிலோ ஐசியு கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் வரிசைச் சாவி ஒன்றை உருவாக்கி, தனி நெடுவரிசையில் வைத்து, அதன்படி அடுக்குவது நல்ல வழி. உலாவியில் அடுக்குவதென்றால் ‘இன்டல் கொலேட்டர்’ செயற்கூறிடம் மொழி தமிழ் என்று சொல்லுங்கள்.

எந்தக் கொலேஷனைத் தேர்ந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ‘க’வும் ‘க்’கும் சமமா என்று தரவுத்தளத்திடமே கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அந்த அமைப்பு உங்களுக்கு ஆகாது. தனித்தன்மை கட்டாயம் என்று வைத்த நெடுவரிசையில் வேறு வேறு சொற்களை ஒன்றென்று சொல்லி அது தடுத்துவிடும்.

தேடலும் பெயரும்

தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏறும்போது உருமாறும். ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தில்’, ‘மரங்கள்’ இரண்டும் வேண்டும். ‘லைக்’ கொண்டு இரண்டு பக்கமும் சதவிகிதக் குறி போட்டுத் தேடினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. பட்டியல் பெரிதாக ஆக, தளம் மெதுவாகும். போஸ்ட்கிரெஸ்ஸின் ட்ரைகிராம் நீட்சி இதற்கு உதவும். முழுமையான தேடல் வேண்டுமானால், 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அதிலேயே தமிழுக்கான சொல்வேர் பிரிப்பான் இருக்கிறது. எல்லாச் சொல்லையும் அது சரியாகப் பிரிக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பட்டியலில் அதிகம் தேடப்படும் சொற்களை எடுத்துச் சோதித்து, பிசகுவதற்கு மட்டும் தனி அகராதி சேருங்கள்.

பதிவுப் படிவத்தில் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ இரண்டும் கட்டாயம் என்று வைக்காதீர்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு. கட்டாயப்படுத்தினால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு அனுப்பும் கடிதத்தில் ‘அன்புள்ள புள்ளி’ என்று போய் நிற்கும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம், விரும்பினால் முன்னெழுத்துக்கு ஒரு சிறு கட்டம் என்று வையுங்கள். முன்னெழுத்து ‘கோ’வாகவும் ‘மு’வாகவும் இருக்கும் என்பதால் அந்தக் கட்டத்தின் அளவு 1 என்று வைத்துவிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?” என்று தம்பி கேட்டார். கூட்டங்களில் என்றுதான் சொல்ல வேண்டும். தரவுத்தளக் கையேடுகள் அருமையானவை. ஆனால் கெளுத்தி மீன் எப்படிச் சிதையும் என்று எந்தக் கையேடும் சொல்லாது. அதே சிக்கலில் கைவைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும்.

சென்னைக்கு அந்தப் பேறு நீண்ட நாளாக இருக்கிறது. ஐஎல்யூஜிசி எனப்படும் லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவது அதன் நெடுநாள் வழக்கம், கே.கே. நகரிலிருந்து கிண்டி வழியாகப் போய்விடலாம். பைத்தான் எழுதுபவர்களுக்குச் சென்னைப்பை குழு நான்காவது சனிக்கிழமையை வைத்திருக்கிறது. 2019-இல் பைகான் இந்தியா மாநாடு சென்னைக்கு வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிறு மாலைக் கலந்துரையாடல் இணையவழியில், தமிழிலேயே நடக்கிறது. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ அங்கே மின்னூலாக இலவசமாகக் கிடைக்கிறது. எஸ்கியூஎல்லை முதன்முதலாகத் தொடுபவர் அதிலிருந்தே தொடங்கலாம். கிளம்பும் முன் அந்தந்தக் குழுவின் அறிவிப்பில் இடத்தையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது கேள்வியைத் தயாராக எடுத்துப் போங்கள். ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்றால் யாராலும் உதவ முடியாது. பத்து வரி கொண்ட சிறு அட்டவணை, தரவுத்தளத்தின் பதிப்பு எண், கொலேஷன் பெயர், நீங்கள் எதிர்பார்த்தது, உண்மையில் வந்தது ஆகிய ஐந்தும் இருந்தால் டீ ஆறுவதற்குள் பதில் கிடைத்துவிடும். வாசகர்களின் உண்மைப் பெயர், தொலைபேசி எண்களைக் கொண்டுபோகாதீர்கள். கற்பனைப் பெயர்கள் போதும். பதில் கிடைத்தபின் அதை எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுங்கள்.

இது நன்றிக்காக மட்டும் சொல்வதல்ல. போஸ்ட்கிரெஸ்ஸில் இன்று இருக்கும் தமிழ்ச் சொல்வேர் பிரிப்பான், தமிழ் நிரலாளர் ஒருவர் ஸ்னோபால் என்ற திறந்த மூலத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தது. அங்கிருந்து அது தரவுத்தளத்துக்குள் வந்து, உலகில் எங்கே போஸ்ட்கிரெஸ் நிறுவினாலும் கூடவே இறங்குகிறது. தமிழுக்கான கருவிகள் இப்படித்தான் சேர்கின்றன: யாரோ ஒருவர் தன் வேலையில் ஒரு பிசகைப் பார்க்கிறார், சரிசெய்கிறார், எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார். மைஎஸ்கியூஎல்லில் தமிழ் அகரவரிசை இன்னும் காத்திருக்கிறது. ஔகாரத்தைத் திருத்தும் நல்ல கருவிக்கும் தேவை இருக்கிறது. அம்பிகா, அமுதா, கபிலன், கனகா, கோமதி, கௌரி என்று ஒரு சோதனைப் பட்டியலை இன்றே எழுதி, உங்கள் தளத்தில் ஓட்டிப் பாருங்கள். தவறாக வரும் ஒவ்வொரு பெயரும் அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுப்பவேண்டிய கேள்வி.